பனிக்குக் குளிகை

நவம்பர் 21, வெள்ளி

விடியும் முன்பே மழை. மருந்துக்கடை ஷட்டரைத் தூக்கினால் உள்ளே தண்ணீர். துடைப்பம் எடுத்தது நான்தான், வேறு யார்.

இன்று முழுக்கக் காய்ச்சல். இருமல் மருந்து ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சு: "அக்கா, பனிக்கு ரெண்டு குளிகை தா." எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குப் பனி என்றுதான் பெயர், மாத்திரைக்குக் குளிகை. மலையாளம் எல்லை தாண்டி வந்து எங்கள் வாயில் குடியேறி எத்தனையோ காலம். புதிதாக வந்திருக்கும் டாக்டர் தம்பிக்கு மதுரைப் பக்கம். முதல் வாரம் "பனி" என்று வந்தவர்களையெல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினாராம். கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒருத்திக்குக் கண் சிவப்பு, கையெல்லாம் தடிப்பு. ரத்தம் பரிசோதித்தாயா என்றேன்.

"எதுக்கு அக்கா? மழைக்குள்ள பனியாக்கும். நல்ல வேதனைக் குளிகையா ஒண்ணு தா."

டெங்குவாக இருந்தால் வலி மாத்திரை ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும் என்று சொல்லி, பாரசிட்டமால் மட்டும் தந்தேன். என் கண்முன்னே எதிர்க்கடைக்குப் போய், கேட்டதை வாங்கிக்கொண்டு போனாள். எளவு.

மருந்துக் கம்பெனி ரெப் சொன்னது: எல்லைக்கு அப்புறம் ஒரு கர்ப்பிணிக்கு ஜிகாவாம், அதுவும் கொசு கொண்டுவருவதுதான். பேப்பரில் இன்னும் வரவில்லை. பெரிய காய்ச்சலாகக்கூடத் தெரியாது. தாய்க்கு ஒன்றும் ஆகாது, வயிற்றுப் பிள்ளைக்குத் தலை வளராமல் போகலாம். அவன் டீ குடித்துக்கொண்டே சொன்னான். எனக்கு டீ இறங்கவில்லை. என் மகள் ஷைனிக்கு நாலாம் மாசம்.

நல்ல வேளை, அவள் கோயம்புத்தூரில்.

29-ம் தேதி மாமாவுக்கு, அதாவது இவருடைய அப்பாவுக்கு, முதல் வருஷ நினைவு ஜெபம். பெரியத்தான் துபாயிலிருந்து வருகிறார். இவருக்கு அண்ணன், எனக்கு இரத்த அழுத்தம். இனி பெ. என்று மட்டும் எழுதுவேன். முழுசாக எழுதினால் பேனாவுக்கே எரிச்சல்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை விட்டு விட்டு. கோயிலில் போதகர் காய்ச்சல் நீங்க உருக்கமாக ஜெபித்தார். எல்லாரும் சத்தமாக ஆமென். வீட்டுக்குப் போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிற தட்டைக் கவிழ்த்தவர்கள் எத்தனை பேர்?

ஷைனிக்குப் போன் போட்டேன்.

"நீ வராண்டாம் மக்களே. இஞ்ச தீனம் அதிகம்."

"தாத்தாவுக்க ஜெபத்துக்கு நான் இல்லாம எப்பிடிம்மா?"

"வீடியோவுல பாரு. தாத்தா ஒண்ணும் கோவிக்கமாட்டாவ."

பிறகு ஜிகா பற்றிச் சொன்னேன். பயமுறுத்தினேன் என்றே வைத்துக்கொள்ளலாம். சரிம்மா வரல்ல என்றாள். நிம்மதி. மத்தியானம் மீன்குழம்பு நன்றாக வந்தது.

இவர் முகம் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார். "அண்ணன் என்ன நெனப்பான்?" அண்ணன் நினைப்பதை நினைத்தே இவருக்குத் தலை நரைத்தது.

நவம்பர் 25, செவ்வாய்

மழை. கரண்ட் இல்லை. மிக்சி ஜார் பிளேடு போச்சு.

காலையில் வேலியோரம் நின்று பக்கத்து ரப்பர் விளை செல்லையன் அண்ணனோடு சண்டை. மழையில் பால்வெட்டு இல்லை. வெட்டு நின்றால் மரத்துக் கம்பி வளையத்தில் பால் பிடிக்கிற தேங்காய்ச் சிரட்டையெல்லாம் வானம் பார்த்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்கும். கொசுவுக்கு அதுதான் தொட்டில்.

"அண்ணே, ஊரு முழுக்கப் பனி. உங்க சிரட்டைக்குள்ள இருந்தாக்கும் எல்லாம் பறந்து வருது."

"எனக்க சிரட்டை ஒக்க கமத்தியாச்சு பிள்ளே. வேணும்னா வந்து பாரு."

"பாக்க எனக்கு நேரமில்ல. நீங்க ஒழுங்காக் கமத்துங்க."

அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

மாமா இருந்த காலத்தில் இந்தப் பேச்சே வந்ததில்லை. மழை இருட்டினால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விளைக்குள் இறங்கிவிடுவார். மரம் மரமாகப் போய்ச் சிரட்டையைக் கவிழ்த்த பிறகுதான் காப்பி. "சிரட்டையில வெள்ளம் நிக்கப்பிடாது பிள்ளே, பாலு கெட்டுப்போவும்." அவர் பயந்தது கொசுவுக்கு இல்லை, பாலுக்கு. ஆனாலும் அவர் இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் காய்ச்சலில் படுத்தது கிடையாது.

மத்தியானம் கொசு ஒழிப்புக்காரர்கள் இரண்டு பேர். டிரம், டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாம் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் நானே காட்டினேன், காய்ந்து கிடந்தது. பின்விளையில் மாமாவின் கல்லறை வரைக்கும் போனார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார்.

"நல்லாக் கெட்டியிருக்காவ அக்கா. கிரானைட்டா?"

"ஆமா, அண்ணன் துபாயில இருக்காவ" என்றேன். எனக்கும் கொஞ்சம் பெருமை இருந்தது என்று வைத்துக்கொள்.

சாயங்காலம் கொசுப் புகை அடிக்கிற வண்டி. மெயின் ரோட்டில் மட்டும் புகை விட்டுவிட்டுத் திரும்பிப் போச்சு. நாங்கள் மெயின் ரோட்டிலா குடியிருக்கிறோம்?

நவம்பர் 27, வியாழன்

தூறல். பெ. வந்தாச்சு. இரண்டு பெட்டி. ஒன்றில் துணி, மற்றதில் முழுக்கப் பூ. லில்லி, ரோஸ், இன்னும் பேர் தெரியாத நீலப் பூ. எல்லாம் பிளாஸ்டிக்.

கல்லறை கட்டியது இந்த மார்ச்சில். கறுப்புக் கிரானைட், அதில் மாமாவின் முகம். சுற்றி ஆறு பூச்சாடி, அதுவும் கிரானைட். யாரும் களவாண்டு போய்விடக் கூடாது என்று ஆறையும் சிமெண்ட் வைத்து ஒட்டியாச்சு. ஆட்டினால் ஆடாது, சாய்த்தால் சாயாது. அன்றைக்கு வைத்த பூ வெயிலில் வெளுத்து வெள்ளையாகிவிட்டது. அதை எடுக்காமல் அதன் இடுக்கிலேயே புதுப் பூவைக் குத்திச் செருகினார்.

"இது வாடவே வாடாது, கேட்டியா? தெனமும் பூ மாத்த இஞ்ச யாரு இருக்கா?"

இங்கே நான் இருக்கிறேன்.

"ஷைனி வரலியா? அப்பாவுக்க செல்லப் பேத்தி. அவ இல்லாம என்ன ஜெபம்?"

காரணம் சொன்னேன். "கொசுவுக்குப் பயந்தா?" என்று சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். இவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

கடையிலிருந்து வந்தால் முற்றத்தில் கார். ஷைனி.

எனக்குத் தெரியாமல் இவர் கூப்பிட்டிருக்கிறார். "அம்மைக்கு வேற வேல இல்ல, நீ வா மக்களே" என்றாராம். பெ. தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு ஜெயித்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

அடுக்களையில் வைத்து இவரிடம் கேட்டேன். "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது, சும்மா கெட ஏட்டி" என்றார். ஒரு கடிக்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டேன். கரண்டியைத் தொட்டிக்குள் வீசினேன். வீட்டில் விருந்தாள், அதனால் சத்தம் அவ்வளவோடு நின்றது.

மருமகன் பிரவீன் பாவம், தஞ்சாவூர்ப் பிள்ளை, யார் எது சொன்னாலும் தலையாட்டும். "ஃபுல் ஸ்லீவ் போட்டுக்கச் சொல்றேன் அத்தை." ஷைனிக்கு முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது, வாந்தி குறைந்ததாம். வயிறு லேசாகத் தெரிகிறது. பார்த்ததும் கோபம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை, கூடியது.

கொசுவலை கட்டினேன். நாளைக்கு:
வாழை இலை (செல்லையன் அண்ணனிடம் கேட்க முடியாது, வேறு இடம்)
பேப்பர் கப்
போதகருக்குத் தனி நாற்காலி
கொசு விரட்டும் களிம்பு, கடையிலிருந்து, மறக்காமல்

நவம்பர் 29, சனி

களிம்பை மறந்தேன்.

காலை பத்து மணிக்கு ஜெபம். மழை இல்லை, வெயிலும் இல்லை, ஒரு மூட்டம். கல்லறையைச் சுற்றி எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம், மரியாதைக்கு. போதகர் மாமாவின் பிறப்பிலிருந்து தொடங்கினார். பெ. போனைத் தூக்கிக்கொண்டு படம் பிடித்தபடி, "மக்களே, நீ தாத்தாவுக்க முகத்துக்குப் பக்கத்துல நில்லு, பூ தெரியட்டும்" என்று ஷைனியை இழுத்து நிறுத்தினார். நின்று நின்று கால் கடுத்து, அவள் கல்லறைத் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெறுங்கால். பக்கத்தில் பூச்சாடி.

ஜெபத்துக்கு நடுவில் கண் திறந்து பார்த்தேன். அவள் கணுக்காலில் ஒன்று. கறுப்பு, காலில் வெள்ளை வரி. அடித்தேன். கையில் ரத்தம். ஆமென் சொல்வதற்குள் இன்னொன்று.

சத்தம் கேட்டுப் பெ. சொன்னது: "பகல்ல கடிக்கியது ஒண்ணும் செய்யாது. ராத்திரி கடிக்கியதாக்கும் தீனம்."

தலைகீழ். இந்தக் கொசு கடிப்பதே பகலில்தான். சொன்னேன். போதகர் முன்னால் வாயாடுகிறேன் என்று நாத்தனார் முறைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும்.

சாம்பாரில் உப்பு கூடுதல்.

நவம்பர் 30, ஞாயிறு

காலையிலேயே ஷைனியும் பிரவீனும் கிளம்பினார்கள். கார் வளைவு திரும்பும்வரை நின்றேன். அவள் கணுக்காலில் மூன்று தடிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன், வேறு என்ன செய்ய.

இவர்: "பாத்தியா, ஒண்ணும் ஆவல்ல."

காய்ச்சல் காரோடு காராகவா வரும்? உள்ளே போய் நாலைந்து நாள் கழித்துத்தான் தலை காட்டும். இவரிடம் சொல்லிப் பயனில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

ராத்திரி முழுக்கக் கொட்டி, காலையில் நின்றது. பின்விளையில் ஜெபத்துப் பேப்பர் கப் கிடந்தது. பொறுக்கப் போனேன். தண்ணீர் நின்றுவிடுமே என்றுதான் போனேன்.

காற்றில் ஒரு லில்லி சாய்ந்து நின்றது. நிமிர்த்தலாம் என்று பிடித்து இழுத்தேன். கொத்தோடு கையில் வந்தது. காம்பிலிருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது. குனிந்து சாடிக்குள் பார்த்தேன். நூல் நூலாக நெளிகிறது. தலைகீழாகத் தொங்குகிறது, நிழல் பட்டதும் அடிக்கு ஓடுகிறது. இவ்வளவு கொழுத்த புழுவைச் சிரட்டையில்கூடக் கண்டதில்லை.

இரண்டாவது சாடி. மூன்றாவது. ஆறிலும்.

மார்ச்சிலிருந்து பெய்த மழையெல்லாம் அதற்குள். நிஜப் பூவாக இருந்தால் அழுகும், நாறும், யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டுவோம். பிளாஸ்டிக் நாறாது. அதனால் யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. நானும்தான். தொப்பியைக் கழற்றியவரும்தான்.

வேலி தாண்டிச் செல்லையன் அண்ணனின் விளைக்குள் போனேன். வரிசை வரிசையாக மரம். ஒவ்வொரு சிரட்டையும் கவிழ்ந்து முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அந்தச் சாடியிலிருந்து ஷைனி உட்கார்ந்த இடம் ஒரு கைநீளம். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

டிசம்பர் 3, புதன்

இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பார்த்தார். முகம் மாறியது. பிறகு சொன்னார்:

"அண்ணன்ட்ட சொல்லாண்டாம். வெஷமப்படுவான்."

மகள் வயிற்றில் பிள்ளையோடு கடி வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். இவருக்கு அண்ணனின் மனவருத்தம்தான் பெரிது.

நானே சொன்னேன். பெ. பெட்டி கட்டிக்கொண்டிருந்தார், இன்று விமானம். சாடிக்கு அடியில் துளை போடலாம் என்றேன். "துளை போட்டா கிரானைட்டு கீறும். கொஞ்சம் மண்ணெண்ண விட்டாப் போராதா?" மண்ணெண்ணெய் விட்டால் அடுத்த மழையில் வழிந்து போகும் என்றேன். "நீ மருந்துக்கடையில இருக்கியதுனால எல்லாத்திலயும் தீனமாத் தெரியுது" என்றார். போய்விட்டார்.

ரசம் கோருகிற கரண்டியால் ஆறு சாடியையும் கோரிக் கொட்டினேன். அடி எட்டவில்லை. கரண்டியைத் தூர எறிந்தாச்சு.

டிசம்பர் 5, வெள்ளி

மழை. சாடி மறுபடி பாதி.

ஷைனிக்குப் போன் இரண்டு தடவை. பிரவீன் எடுத்தான். "தூங்குறா அத்தை. கொஞ்சம் டயர்டா இருக்கா, வேற ஒண்ணுமில்ல." வேற ஒண்ணுமில்ல. சரி.

கடையில் ஒரு கிழவர்: "இதெல்லாம் டவுண்காரனுக்கு வரது பிள்ளே, நமக்கு மலக்காத்து உண்டு." சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார், முழங்கால் வலியில் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கினோம். கொசுவுக்கு இது மலை, அது டவுண் என்று யார் போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள்?

டிசம்பர் 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் ஷைனியே கூப்பிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

"அம்மா, வியாழக்கெழம தொட்டுப் பனி. கண்ணு ரெண்டுக்கும் பொறத்த வேதன. ஒடம்பெல்லாம் செவப்பா வருது."

"டாக்டர்ட்ட போனியா?"

"இல்லம்மா. இவர்ட்ட அண்ணைக்கே சொன்னேன். ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்னு சொல்லிட்டாரு. நான் குளிகை போட்டுட்டுக் கெடக்கேன்."

போனைப் பிரவீனிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ஆமா அத்தை, பனி பனின்னு சொல்லிட்டே இருக்கா. இங்க இப்ப காலையில நல்ல பனிதான். ஜன்னலெல்லாம் சாத்திட்டேன். ஸ்வெட்டர் வாங்கிக் குடுத்துருக்கேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"பிரவீன், எங்க ஊர்ல பனின்னா காய்ச்சல்."

"காய்ச்சலா?"

"காய்ச்சல், மக்கா, காய்ச்சல்! தொட்டுப் பார்க்கலியா நீ?"

"நைட் ஷிஃப்ட் அத்தை. வரும்போது மாத்திரை போட்டுருப்பா, சூடே இருக்காது. குளிகைன்னா... நான் ஏதோ சத்து மாத்திரைன்னு..."

அழுகிறான். அவனைத் திட்டுவதற்கு எடுத்த வாயை மூடிக்கொண்டேன். மதுரை டாக்டரின் பஞ்சுக் கதைக்குச் சிரித்தவள்தானே நான். கல்யாணமாகி இரண்டு வருஷம், ஒரு வீட்டுக்குள் இரண்டு தமிழ். இட்லி, தோசை என்று பேசிக்கொண்டிருக்கும்வரை தெரியவில்லை.

இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு, எங்கே போய் வந்தாள் என்பதையும் நாலாம் மாசம் என்பதையும் முதலில் சொல்லு என்றேன். கிளம்பிவிட்டார்கள்.

இவர் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். "டெங்குவா, மத்ததா?" என்றார், மெதுவாக. பேர் சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

விடியவே போன். டெங்குவுக்கு முதல் சோதனையில் இல்லை என்று வந்ததாம். ஆனால் காய்ச்சல் தொடங்கி நாள் கடந்து வந்ததால் இதை நம்ப முடியாது என்றாராம் டாக்டர். அந்த இழந்த நாளெல்லாம் "பனி"யில் போனது. ஜிகாவும் சேர்த்துப் பார்க்க ரத்தமும் சிறுநீரும் அரசு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். படுக்க வைத்தாச்சு.

சாயங்காலம் ரயில். பை கட்டினேன். கட்டி முடித்தும் நேரம் இருந்தது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்விளைக்குப் போனேன்.

இவர் பின்னாலேயே ஓடி வந்தார். "என்ன செய்யப் போற? அண்ணன்..."

"அண்ணன்னு இன்னொரு தடவ சொன்னா, இந்தப் பாரை உங்க கால்ல விழும்."

நின்றுவிட்டார்.

முதல் அடி. கை அதிர்ந்தது, சாடி அசையவில்லை. இரண்டாவதுக்குச் சிமெண்ட் கொஞ்சம் பெயர்ந்தது. சத்தம் கேட்டுச் செல்லையன் அண்ணன் வேலியோரம் வந்து நின்றார்.

"கல்லறையிலயா பிள்ளே கை வைக்க? பாவமாக்கும்."

ஒரு சாடியைக் காட்டினேன். வேலியைத் தாண்டி வந்து எட்டிப் பார்த்தார். கையை நீட்டினார்.

"இஞ்ச தா பாரைய."

அன்றைக்குப் பேசியதற்கு மன்னிக்கணும் அண்ணே என்றேன். "அது கெடக்கட்டும், தள்ளி நில்லு" என்றார். அவர் நெம்பினார், நான் பிடித்து இழுத்தேன். மூன்றாவது சாடிக்கு இவரும் வந்து ஒரு பக்கம் பிடித்தார். முகத்தைப் பார்க்காமல் பிடித்தார். ஒன்று உடைந்தது, மற்ற ஐந்தும் முழுசாக வந்தது. கறுப்புத் தண்ணீர் வெறும் மண்ணில் ஊறி இறங்கியது. பூவையெல்லாம் சாக்கில் கட்டியாச்சு.

ஐந்தையும் கல்லறை மேலேயே வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். மாமா சிரட்டையைக் கவிழ்ப்பாரே, அதே மாதிரி.

ரயிலுக்கு நேரமாச்சு.

டிசம்பர் 10, புதன், கோயம்புத்தூர்

இங்கே நிஜமாகவே பனி. ஆஸ்பத்திரி ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெள்ளை.

காய்ச்சல் இறங்கிவிட்டது. இறங்கும்போதுதான் ஆபத்து, அது எனக்குத் தெரியும். பிளேட்லெட் குறைந்துகொண்டே போகிறது. ஈறில் லேசாக ரத்தம். ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். தலையைப் பற்றிக் கேட்டேன். இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, முடிவு வரட்டும் என்றார் டாக்டரம்மா. முடிவு வரட்டும், முடிவு வரட்டும். அந்த வார்த்தையைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிறேன்.

பக்கத்துப் படுக்கைக்காரி பப்பாளி இலைச் சாறு கொண்டு வந்து நீட்டினாள். அன்பாகத்தான் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல நான் கத்தியிருக்க வேண்டாம்.

பிரவீன் ஷிஃப்டுக்குப் போகவில்லை. அரைமணிக்கு ஒருதரம் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறான். நர்ஸ் எரிச்சல்படுகிறாள்.

சாயங்காலம் பெ. போன். யாரோ படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"அப்பாவுக்க கல்லறைய ஒடச்சியாமே?"

"சாடிய மட்டும் பெயர்த்தேன் பெரியத்தான். ஒண்ணு ஒடஞ்சு போச்சு."

"யாருட்ட கேட்டு? வாடாத பூவாக்கும் அது. அப்பாவுக்காக நான் பாத்துப் பாத்து வாங்கினது."

"வாடுற பூவா இருந்தா, ஒரு நாளாவது யாராவது வெள்ளத்த மாத்தியிருப்போம்."

"அப்பா இருந்தா இப்பிடிப் பேசுவியா?"

"மாமா இருந்தா பேசவே வேண்டாம். அவியளே கமத்தியிருப்பாவ."

வைத்துவிட்டார். ஷைனி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெசேஜ்: பிள்ளைக்கு எப்படி. பதில் போடவில்லை. நாளைக்குப் போடலாம். போடாமலும் இருக்கலாம்.

டிசம்பர் 11, வியாழன்

ஒன்றும் வரவில்லை. பிளேட்லெட் குறைவது நின்றிருக்கிறது. இட்லி அரை சாப்பிட்டாள்.

ஷைனி கேட்டாள்: "அம்மா, மத்ததா இருந்தா என்ன செய்ய?"

அவள் தலைமுடியைச் சிக்கெடுத்தேன். சிக்கெடுக்கும்போது எனக்குள் ஒவ்வொருத்தர் பேராக வந்தது. சிரித்தவர், கூப்பிட்டவர், படம் பிடித்தவர், மெயின் ரோட்டோடு திரும்பிப் போனவர், களிம்பை மறந்தவள்.

டிசம்பர் 12, வெள்ளி

வந்தது. டெங்கு. மற்றது இல்லை. ரத்தத்திலும் இல்லை, சிறுநீரிலும் இல்லை.

டாக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள், "கர்த்தருக்கு ஸ்தோத்திரம், டெங்குதான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பிரவீன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிளேட்லெட் ஏறத் தொடங்கியிருக்கிறது. இனி ஸ்கேனை ஒழுங்காகப் பார்த்தால் போதும் என்றார்கள்.

பாத்ரூமில் போய் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. டெங்கு வந்ததற்கு ஒரு தாய் ஸ்தோத்திரம் சொல்கிற இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நான் சொன்னேனே, அதுவும் மனசாரச் சொன்னேனே.

இவருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் தேம்பல். "ஞாயிற்றுக்கெழம ஸ்தோத்திரக் காணிக்கை போடணும். கவர்ல என்ன எழுத?" என்று கேட்டார். கோயிலில் காரணத்தை வாசிப்பார்கள், அதனால் கேட்டார். சொன்னேன். ஒரு வார்த்தை பேசாமல் எழுதிக்கொண்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

டிசம்பர் 13, சனி

பனி குறைவு. ஷைனி எழுந்து நடந்தாள். பிரவீன் போனில் ஏதோ குறித்து வைத்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன்: பனி, காய்ச்சல். குளிகை, மாத்திரை. வெள்ளம், தண்ணீர். வேதனை, வலி. இன்னும் என்னென்ன உண்டு அத்தை என்று கேட்டான்.

சாயங்காலம் சபைச் செயலர் தம்பி போன்.

"அக்கா, நாளைக்கு வாசிக்க வேண்டிய கவரு எல்லாம் பாத்துட்டிருக்கேன். உங்கதுல 'மகளுக்கு டெங்கு மட்டும் வந்ததற்காக'ன்னு இருக்கு. உங்க வீட்டுக்காரரு அவசரத்துல மாத்தி எழுதிட்டாவ போல. 'சுகம் பெற்றதற்காக'ன்னு வாசிச்சிரட்டா?"

"எழுதியிருக்கது மாதிரியே வாசி தம்பி. 'மட்டும்'ங்கத மட்டும் விட்டிராத."